மலை ஏறுமுன் குனிந்து பார்க்க வேண்டியவை



2024 டிசம்பர் விடுமுறையில் சுவிஸ் மலைப்பாதையில் எடுத்த படங்களைப் போட்ட நாளிலிருந்து பலர் இன்பொக்ஸில் கேட்பது ஒரே கேள்வி: "அந்த ஸ்னோ ரோட்டில போகப் பயமா இருக்கல்லயா?"

இருந்தது. ஆனால் நாங்கள் நினைத்துப் போன அளவுக்கு இல்லை. காரணம் சாரதியின் திறமை மட்டுமல்ல. அந்த வண்டி வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்கு முன் அதற்குச் செய்யப்பட்ட வேலைதான் பெரிய காரணம். அதைப் பற்றித்தான் எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பாடசாலைச் சுற்றுலாவுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களும், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் கடைசி வரை வாசியுங்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: நாங்கள் கணவன் மனைவி இருவருமே சம்மாந்துறைப் பக்கத்து ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் தமிழ். பிறந்து வளர்ந்தது வயலும் தென்னையும் உள்ள சமதரையில். எங்களுக்கு மலை என்றால் மஹியங்கனை தாண்டி வரும் 18 வளைவும் நுவரெலியாவும்தான். சுவிஸில் தம்பி இருக்கிறார், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. சூரிச்சுக்குக் கிட்ட வீடு. பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 2024 டிசம்பரில்தான் விசாவும் விடுமுறையும் ஒன்றாக அமைந்தன.

அங்கே போனதும் எங்களுக்கு ஒரே ஓர் ஆசை. எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் பொன்ட்ரெசீனா என்ற மலை ஊரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். நத்தாரும் புதுவருடமும் சேர்ந்த அந்த நாட்களில்தான் அங்கே சனம் கூடுதல், அவருக்கு லீவு கிடையாது. "சேர், டீச்சர், வந்துட்டு என்னப் பாக்காமப் போயிராதீங்க" என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவரால் இறங்கி வர முடியாது என்றால் நாங்கள்தான் ஏறிப் போக வேண்டும்.

பொன்ட்ரெசீனாவுக்கு மலைக்குள்ளால் ரயிலும் போகிறது. ஆனால் வழியெல்லாம் நிறுத்திக் காட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது தம்பியின் ஆசை. காரில் போவதென்றால் கூர் என்ற நகரத்தைத் தாண்டி, ஜூலியர் கணவாய் ஏறி இறங்க வேண்டும். அதன் உச்சி 2,284 மீற்றர். எங்கள் நுவரெலியா நகரம் 1,868 மீற்றர், பிதுருதலாகலை 2,524. இரண்டுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் டிசம்பர் மாதம் பனி என்றால், ஆள் உயரத்துக்கு வீதியோரத்தில் வெட்டி ஒதுக்கி வைத்த பனி. சுவிஸில் கொட்ஹார்ட், ஃபுர்க்கா, கிரிம்சல் போன்ற பல கணவாய் வீதிகளைக் குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்கள். ஜூலியரைக் குளிர்காலத்திலும் திறந்து வைத்திருப்பார்கள். ஆனால் கடும் பனி கொட்டினாலோ, பனிச்சரிவு ஆபத்து வந்தாலோ அதையும் தற்காலிகமாக மூடுவதுண்டு.

"எப்ப போவம்?" என்று கேட்டதற்குத் தம்பி சொன்ன பதில்: "மூணு நாள் தாங்க மச்சான். முதல்ல வண்டியப் பாப்பம்."

வண்டி ஒன்றும் பழுதில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வருகிற பழைய ஸ்கோடா. மூன்று நாள் என்னத்துக்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

முதல் வேலை டயர். அங்கே வண்டிக்கு இரண்டு செட் டயர் வைத்திருக்கிறார்கள், கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. போடாத செட்டை வீட்டில் வைக்க இடமில்லாதவர்களுக்காக கராஜ்காரர்களே பெயர் எழுதி அடுக்கி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு "டயர் ஹோட்டல்" என்று பெயர். "டயருக்கும் ஹோட்டலா?" என்று நாங்கள் சிரித்த சிரிப்பில் கராஜ்காரரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். ஒக்டோபரில் போட்டு ஈஸ்டருக்குக் கழற்றுவது அவர்கள் பழக்கம். ஜெர்மன் மொழியில் இரண்டுக்குமே 'ஓ' எழுத்தில் தொடங்கும் பெயர். "ஓவிலிருந்து ஓ வரை" என்று சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடமாம்.

குளிர்கால டயரில் அப்படி என்ன இருக்கிறது? சாதாரண டயரின் இறப்பர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். இறுகிய இறப்பர் வீதியைப் பிடிக்காது. குளிர்கால டயரின் இறப்பர்க் கலவை வேறு, குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதோடு அதன் முகத்தில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். வண்டி உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து பனியைக் கௌவிப் பிடிக்கும். ஆக, பனி இல்லாத குளிர் வீதியிலும் அந்த டயருக்கு வேலை இருக்கிறது.

டயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தது. பனியில் ஓட்டிப் பரிசோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. "எம் பிளஸ் எஸ்", சேறும் பனியும், என்று எழுத்து மட்டும் உள்ள டயர்களும் உண்டு. அது கம்பெனி தானாகப் போட்டுக்கொள்வது, பரிசோதனை இல்லை. ஜெர்மனியில் 2024 ஒக்டோபரிலிருந்து, பனி வீதியில் போவதற்கு அந்த எழுத்து மட்டும் போதாது, மலை முத்திரை வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒஸ்ட்ரியாவில் நவம்பர் 1 தொடக்கம் ஏப்ரல் 15 வரை பனி வீதியில் போனால் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். சுவிஸில் அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லை. ஆனால் வீதிக்குப் பொருந்தாத டயரோடு போய் விபத்து நடந்தால் பொறுப்பு ஓட்டியவர் தலையில் வரும். இன்சூரன்ஸ்காரரும் கணக்குக் கேட்பார்.

கராஜ்காரர் ஒரு சின்ன அளவுகோலை டயரின் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தார். சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீற்றர் இருந்தால் போதும். ஆனால் பனியில் ஓட 4 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது அவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. முன் டயர் இரண்டும் தேறின. பின் டயர் ஒன்று நான்குக்குச் சற்றுக் கீழே. எங்கள் கண்ணுக்கு அது புத்தம் புதிய டயர். "இத ஊருக்குக் கொண்டு போனா இன்னும் ரெண்டு வருசம் ஓடுவாங்க" என்று எங்களில் ஒருவர் சொல்ல, தம்பி சிரிக்கவில்லை. "நல்ல டயர் முன்னுக்கு மட்டும் இருந்தா, வளைவில பின்பக்கம் தனியா வழுக்கிட்டுப் போகும் மச்சான். நாலும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார். பின்னுக்கு இரண்டும் புதிதாகப் போடப்பட்டன. காசு கொஞ்சமில்லை. நாங்கள் பங்கு தரப் பார்த்தோம், வாங்கவில்லை.

அங்கே இன்னொன்றும் படித்தோம். எந்த டயரிலும் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் ஒரு தொடர் இருக்கும். அதன் முடிவில் நான்கு இலக்கம். 3822 என்றால் 2022ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்த டயர். டயரின் வயது அதில் எழுதியே இருக்கிறது. இது சுவிஸ் டயருக்கு மட்டுமல்ல, நம் ஊரில் பஸ்ஸில், வேனில், முச்சக்கரவண்டியில் போடும் டயருக்கும் பொருந்தும். வாசிக்கத் தெரிந்தால் போதும்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விஞ்ஞான ஆசிரியர் விடவில்லை. பேனையை எடுத்து, உராய்வுப் பாடத்தை வைத்துக் கணக்குப் போட்டார். காய்ந்த தார் வீதியில் உராய்வுக் குணகம் 0.8 என்று எடுப்போம். இறுகிய பனியில் சுமார் 0.25. கண்ணாடி போன்ற ஐஸில் 0.1. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வண்டி பிரேக் போட்டபின் நிற்பதற்குக் காய்ந்த வீதியில் ஏறத்தாழ 12 மீற்றர் போதும். பனியில் 39 மீற்றர். ஐஸில் 98 மீற்றர். இதில் சாரதி கண்டு, யோசித்து, கால் வைக்கும் நேரம் சேரவில்லை. வேகத்தை 30 ஆகக் குறைத்தால் பனியிலும் 14 மீற்றரில் நிற்கும். டயருக்கும் வீதிக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் இடம் ஒரு சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கையில்தான் ஐந்து பேருடைய உயிர். அந்தக் கணக்கைப் பார்த்தபின் அந்தப் பின் டயர் விசயத்தில் எங்களுக்குக் கேள்வி இருக்கவில்லை.

இரண்டாம் நாள் வண்டியின் வயிற்றுக்குள் உள்ளவை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

பெட்டரி: குளிரில் அதன் பலம் பெருமளவு குறையும். அதே குளிரில் எஞ்சின் எண்ணெய் தடித்துப் போவதால் ஸ்டார்ட் பண்ணக் கூடுதல் பலம் கேட்கும். இரண்டும் ஒரே காலையில் வந்து சேரும். அதனால் முன்கூட்டியே பரிசோதிக்கிறார்கள்.

ரேடியேட்டர்: நம் ஊரில் பைப் தண்ணீர் ஊற்றி ஓடுகிற வண்டிகள் எத்தனை! அங்கே அது நடக்காது. தண்ணீர் உறைந்தால் கனவளவு ஒன்பது வீதம் அளவு கூடும். போத்தலைப் பிரீசரில் வைத்து வெடிக்க விட்டவர்களுக்குத் தெரியும். எஞ்சினுக்குள் அது நடந்தால் இரும்பும் வெடிக்கும். உறையாத திரவம் கலந்து, அது எத்தனை பாகை வரை தாங்கும் என்று ஒரு கருவியால் பார்க்கிறார்கள்.

கண்ணாடி கழுவும் தண்ணீர்: இதையும் உறையாத வகையாக மாற்ற வேண்டும். நாங்கள் இதைச் சின்ன விசயம் என்றுதான் நினைத்தோம். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் விளங்கியது. பனி உருகுவதற்காக வீதியில் உப்புப் போடுவார்கள். முன்னால் போகும் லொறி அந்த உப்புச் சேற்றை எங்கள் கண்ணாடியில் அடித்துக்கொண்டே போகும். இரண்டு நிமிடத்தில் கண்ணாடி சுண்ணாம்பு பூசியது போல் ஆகிவிடும். அந்த நேரம் தண்ணீர் வராவிட்டால் சாரதி குருடர்.

டயரின் காற்று: பத்துப் பாகை குளிர் கூடினால் ஏறத்தாழ 0.1 பார் காற்றழுத்தம் குறையும். ஆகவே குளிரில் திரும்ப அளக்க வேண்டும். இவை தவிர வைபர் இறப்பர், எல்லா லைட்டுகள், கதவு இறப்பர் ஒட்டி உறையாமல் பூசும் ஒரு மருந்து.

மூன்றாம் நாள்தான் எங்களுக்குப் பிடித்த நாள். சங்கிலி கட்டும் பயிற்சி.

கடும் ஏற்றங்களில் வட்டமான நீலப் பலகை ஒன்று இருக்கும், டயரில் சங்கிலி சுற்றிய படத்தோடு. அதைத் தாண்டிப் போவதென்றால் எஞ்சின் இழுக்கும் சக்கரங்களில் பனிச் சங்கிலி போட்டிருக்க வேண்டும். தம்பியின் வண்டியில் முன்சக்கரங்கள்தான் இழுக்கும், ஆகவே முன்னுக்கு. கட்டியபின் 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. தார் தெரிந்தவுடன் கழற்ற வேண்டும், இல்லையென்றால் சங்கிலியும் போகும், டயரும் போகும்.

நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் பழைய பாய் ஒன்றை விரித்து, பெட்டியைத் திறந்து கொட்டினார். பார்த்தால் அறுந்த கொலுசுக் குவியல் மாதிரி. முதலில் சிக்கெடுக்க வேண்டும். வளையத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டு, மேலே கொழுவி, முன்பக்கச் சங்கிலியை இழுத்து இறுக்கி, கொஞ்சத் தூரம் உருட்டி, இறங்கித் திரும்ப இறுக்க வேண்டும். முதல் தடவை எங்கள் இருவருக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். நான்காம் தடவை பத்து நிமிடத்துக்குள் வந்தோம். "இப்ப கையுறையப் போட்டுட்டு ஒருக்காச் செய்யுங்க ராத்தா" என்று தம்பி சொன்னபோது அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் செய்தார்.

டிக்கியில் போனவை: மண்வெட்டி, பனி துடைக்கும் தூரிகை, ஐஸ் சுரண்டும் தகடு, டோர்ச், பெட்டரி வயர், எச்சரிக்கை முக்கோணம், கம்பளி, ஒரு சின்னப் பை மணல், தண்ணீர், பேரீச்சம்பழம், பிஸ்கட், போன் சார்ஜர். பெற்றோல் டேங்க் நிரப்பப்பட்டது. வழி அடைபட்டு மணிக்கணக்கில் நிற்க வந்தால் ஹீட்டருக்கு எஞ்சின் ஓட வேண்டுமே. அதிலும் ஓர் ஆபத்தைச் சொல்லித் தந்தார்: புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் நச்சுவாயு வண்டிக்குள் வரும், மணமே இராது. முதலில் இறங்கி அந்த இடத்தைத் தோண்டிவிட்டுத்தான் எஞ்சினைப் போட வேண்டும். மண்வெட்டி முக்கியமாக அதற்குத்தான்.

எல்லாம் முடிந்தது. மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட நின்றோம். தம்பி போனைப் பார்த்துவிட்டு, "ஜூலியர் மூடிக் கிடக்கு" என்றார்.

இரவு முழுக்க மேலே பனி கொட்டியிருந்தது. எங்களுக்கு மனம் விட்டுப் போனது. மாணவர் அன்று பின்னேரம் மூன்று மணித்தியாலம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தார். "பகல்ல திறந்தாலும் திறப்பாங்கதானே, அடிவாரம் வரைக்கும் போய்ப் பாப்பமே" என்று அக்கா கேட்டார். தம்பி சாவியை மேசையில் வைத்துவிட்டார். "இல்ல ராத்தா. நேரம் பிந்தித் திறந்தா அவசரத்தில ஏறுவம். அவசரத்தில ஏறுறதுக்கா இவ்வளவும் செஞ்சம்?"

அந்த வார்த்தைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதைப் பற்றி நாங்கள் எத்தனை காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குப் பேசியிருப்போம். கட்டுவதில் இதுவும் ஒரு பகுதி என்று அன்று பட்டது. எல்லாத் தயாரிப்பையும் செய்து முடித்த பிறகும், இன்றைக்குப் போகாமல் இருப்பதற்கும் தயாராக இருப்பது.

மாணவர் தன்னோடு வேலை செய்பவரிடம் நேரம் மாற்றிக்கொண்டார். மறுநாள் வீதி திறந்தது.

அன்று காலை முதல் வேலை வண்டியைத் துடைப்பது. முன் கண்ணாடியில் ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிவிட்டுப் போனால் பொலிஸ் பிடிக்கும். எல்லாக் கண்ணாடியும், லைட்டும், இலக்கத் தகடும், கூரையும் துடைக்க வேண்டும். கூரைப் பனியை விட்டுவிட்டால் பிரேக் போடும்போது சரிந்து முன் கண்ணாடியை மூடிவிடும். சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது, கண்ணாடி வெடிக்கும். சுரண்டும் நேரத்தில் எஞ்சினை ஓட விடவும் கூடாது, அதற்கும் தண்டம்.

கூர் தாண்டியதும் ஏற்றம். தீஃபென்காஸ்டல், சவோக்னின், பிறகு மார்மொரேரா என்ற நீர்த்தேக்கம். மின்சாரத்துக்காக அணை கட்டியபோது அதற்குள் ஒரு கிராமமே அமிழ்ந்து போனதாம். பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீருக்குள் போன கதை தெரிந்த எங்களுக்கு, அந்த உறைந்த வெள்ளைப் பரப்பைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

வீதியின் இரு பக்கமும் உயரமான கம்புகள் நட்டிருந்தார்கள். பனி மூடினால் வீதி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்தக் கம்புகள்தான் எல்லை. மஞ்சள் நிறத் தபால் பஸ் ஒன்று மூன்று சுரத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்கி வந்தது. ரொசினி என்ற இசையமைப்பாளரின் "வில்லியம் டெல்" நாடக இசையிலிருந்து எடுத்த சுரங்களாம். மலைத் தபால் வீதிகளில் அந்த பஸ்ஸுக்குத்தான் முன்னுரிமை, அதன் சாரதி கை காட்டினால் மற்றவர்கள் கேட்க வேண்டும். நாற்பது பேரை ஏற்றி வருபவருக்கு வழி விடுவது அங்கே சட்டம்.

பீவியோ என்ற கடைசி ஊரில் நீலப் பலகை இருந்தது. ஓரமாக நிறுத்தினோம். காற்று முகத்தில் ஊசி மாதிரிக் குத்தியது. பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு சக்கரமும் முடிந்தது. பக்கத்தில் ஒரு இளம் குடும்பம், பெரிய ஜீப், சங்கிலிப் பெட்டியின் பொலித்தீன்கூடக் கிழிக்கவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை உள்ளே அழுதது. தம்பி போய்க் கட்டிக்கொடுத்தார். திரும்பி வந்து சொன்னார்: "நாலு சக்கரமும் இழுக்குற வண்டி புறப்படுறதுக்குத்தான் உதவும் மச்சான். நிக்கிறதுக்கு உதவாது. அத நம்பித்தான் கனபேர் மாட்டுறாங்க."

இடையில் ஒரு சின்ன விசயம். நம் நாட்டில் ஓடும் ஜப்பான் ரீகண்டிஷன் கார்கள் சிலவற்றில் "ஸ்னோ" என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். அக்கரைப்பற்று வெயிலில் அதை அமத்திப் பார்த்துச் சிரித்தவர்கள் இருக்கிறோம். அதன் வேலை, அக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி மெதுவாகவே இழுக்கும்படி செய்வது, சில வண்டிகளில் இரண்டாம் கியரிலேயே புறப்பட வைப்பது. சக்கரம் சுழன்று வழுக்காமல் இருக்க. தம்பியின் வண்டியில் பொத்தான் இல்லை, அந்த வேலையை அவர் காலே செய்தது. ஜப்பான் கார் வாங்கும்போது அடியில் துருப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். பனி ஊரில் ஓடிய வண்டியின் அடியை உப்பு தின்றிருக்கும்.

உச்சியைத் தாண்டி இறக்கம். தம்பி இரண்டாம் கியரில் விட்டார். கால் பிரேக்கில் இல்லை, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. யாரும் பேசவில்லை. சில்வப்ளானாவில் தார் தெரிந்தது. சங்கிலியைக் கழற்றினோம்.

பொன்ட்ரெசீனாவில் ஹோட்டலின் பின்கதவால் எங்கள் பிள்ளை ஓடி வந்தார். சமையல் அங்கி, மேலே ஜக்கெட், கையில் பிளேன்டீ பிளாஸ்க். கட்டிப்பிடித்து அழுது முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி எங்கள் வழியைப் பற்றியது. இறங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "நான் முதல்தரம் இந்த ரோட்டால பஸ்ஸில இறங்கக்குள்ள, சேர், எனக்கு நம்மட டூர்தான் ஞாபகம் வந்த. 18 வளைவுல எங்கள இறக்கி நடக்க வச்சீங்களே."

எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது. 2010, தரம் ஒன்பது. கண்டி, பேராதனைப் பூங்கா பார்த்துவிட்டு இரவாகு முன் ஊர் சேரத் திரும்பிய பயணம். வாடகைக்குப் பிடித்த பஸ். உடுதும்பறை தாண்டி இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கருகல் மணம். பிரேக் சூடேறிவிட்டது. சாரதி, "பரவால்ல, இறக்கிருவன்" என்றார். நாங்கள் நிறுத்தச் சொன்னோம். பிள்ளைகள் ஐம்பது பேரும் இறங்கி, வரிசையில் ஓரமாக நடந்தார்கள். பஸ் வெறுமையாக, முதலாம் கியரில் முன்னால் ஊர்ந்தது. மழைத் தூறல் வேறு. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். கீழே வந்து டயரைத் தொட்டுப் பார்த்தபோது பின் டயர் ஒன்று தலை வழித்த மாதிரி மொட்டை.

"அண்டைக்கு நாங்க சிரிச்ச சேர். இஞ்ச வந்து, இந்தச் சனம் டயருக்குப் படுற பாட்டப் பாத்த பிறகுதான் விளங்கின" என்றார் அவர். மூன்று மணித்தியாலம் அங்கே முப்பது நிமிடமாகப் போனது.

நம் மலைகளில் பனி இல்லை. நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் புல்லில் உறைபனி படிவதோடு சரி. ஆனால் மழை இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, மண் சரிந்து சேறான காபட் வீதி இருக்கிறது. உராய்வுக் கணக்கு நம் நாட்டிலும் அதே கணக்குத்தான். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் அதிகமான உயிர்கள் போயின. செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா போன பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். யாரில் பிழை என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. பிள்ளைகளை ஏற்றி அனுப்புமுன் பார்க்கக்கூடியதைப் பார்ப்பது எங்கள் வேலை.

சுற்றுலாக் குழுக் கூட்டம் என்றால் எதைப் பேசுவோம்? சாப்பாடு எங்கே, தொழுகைக்கு எந்தப் பள்ளி, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு, பஸ்ஸில் செட் இருக்கிறதா. இந்த வருடம் எங்கள் பாடசாலைக் குழு அந்தப் பட்டியலோடு இன்னொரு பக்கத்தைச் சேர்த்திருக்கிறது. அதிபர் கையொப்பமிட்டுத் தந்தார். விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

1. வாடகை பேசுமுன் பஸ்ஸை நேரில் போய்ப் பார்ப்பது. ஆறு டயரையும் குனிந்து பார்ப்பது. உள்பக்க டயரை டோர்ச் அடித்துப் பார்ப்பது. பள்ளம் தேய்ந்திருந்தால் வேறு பஸ்.

2. டி.ஓ.டி. இலக்கத்தை வாசித்து டயரின் வயதை எழுதிக்கொள்வது.

3. புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் பிரேக் பார்த்ததாக கராஜ் துண்டு கேட்பது.

4. வைபர், முன் பின் லைட், ஹோர்ன் மூன்றையும் போட்டுக் காட்டச் சொல்வது.

5. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று சாரதியோடு முன்பே பேசி உடன்படுவது. கருகல் மணம் வந்தால் நிறுத்த வேண்டும், கேள்வி இல்லை.

6. சாரதி முதல் நாள் இரவு தூங்கினாரா என்று கேட்பது. நீண்ட பயணமென்றால் இரண்டு சாரதி.

7. மலைப்பாதையை வெளிச்சத்தில் முடிப்பது. மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் நாளை மாற்றுவது. பிள்ளைகள் அழுதாலும் சரி, கட்டிய முற்பணம் போனாலும் சரி.

ஏழாவதுதான் கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். ஐம்பது பிள்ளைகள் புது உடுப்போடு வாசலில் நிற்கும்போது "இன்றைக்கு இல்லை" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதையும் கூட்டத்திலேயே தீர்மானித்துப் பெயரை எழுதி வையுங்கள். எங்கள் பாடசாலையில் எழுதியாகிவிட்டது.

போன வாரம் பஸ் பார்க்கப் போனோம். முதலாளி, "என்ன சேர், பஸ் வாங்கப் போறீங்களா?" என்று பகிடி பண்ணினார். இரண்டு பஸ்ஸை விட்டோம். மூன்றாவதன் டயர்கள் நல்லவை. அதன் சாரதி வயதானவர், மலைநாட்டுக்காரர். நாங்கள் டோர்ச்சோடு குனிந்ததைப் பார்த்துவிட்டு அவரும் பக்கத்தில் வந்து குனிந்து, உள்டயரைக் காட்டி, "நல்லாப் பாருங்க சேர், பாத்துட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றார். அவரோடுதான் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் பாடசாலையில் பஸ் பார்க்கும் பொறுப்பு யாருக்கு? கமெண்டில் எழுதுங்கள். சுற்றுலாப் பொறுப்பாசிரியர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள். பயணம் போகும் எல்லாப் பிள்ளைகளும் போன மாதிரியே வீடு திரும்ப துஆச் செய்துகொள்ளுங்கள்.